பர்மிங்காம் சிறைக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கடிதத்தைப் பற்றிய பக்கம் இது?

1963 ஏப்ரல் 16 என்று தேதியிட்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய திறந்த மடல். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 7,000 சொற்கள். அலபாமாவைச் சேர்ந்த எட்டு வெள்ளை மதகுருக்கள் பத்திரிகையில் வெளியிட்ட அறிக்கைக்கு எழுதிய பதில் அது. அவர்களுடைய அறிக்கை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இவ்வளவு நீண்ட கடிதத்தைத் தான் இதுவரை எழுதியதில்லை என்று கிங்கே அதில் சொல்கிறார். வசதியான மேசை கிடைத்திருந்தால் சுருக்கமாக எழுதியிருப்பேன், குறுகிய சிறை அறையில் தனியாக இருப்பவன் வேறென்ன செய்ய முடியும் என்றும் கேட்கிறார்.

பர்மிங்காமில் அப்போது என்ன நிலைமை?

கறுப்பின மக்கள் கடைக்கு வந்து காசு கொடுத்துச் சாமான் வாங்கலாம். அதே கடையில் உள்ள உணவு மேசையில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. பள்ளி, கழிப்பறை, குடிநீர்க் குழாய் எல்லாம் தனித்தனி. பூங்காக்களை எல்லோருக்கும் திறந்துவிடும்படி நீதிமன்றம் சொன்னபோது, நகர நிர்வாகம் பூங்காக்களையே இழுத்து மூடிவிட்டது. கறுப்பினத்தவரின் வீடுகளிலும் தேவாலயங்களிலும் குண்டுகள் வெடித்தபடி இருந்ததால் 'பாம்பிங்காம்' என்றே ஊருக்குப் பட்டப்பெயர் விழுந்தது. உள்ளூர்ப் போராட்டத்தின் தலைவரான பாதிரியார் பிரெட் ஷட்டில்ஸ்வொர்த்தின் வீடு 1956 கிறிஸ்துமஸ் இரவில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. காவல்துறை 'புல்' கானர் என்று அழைக்கப்பட்ட யூஜீன் கானரின் கையில் இருந்தது.

1963 ஏப்ரல் 3-ஆம் தேதி மறியல்களும் உள்ளிருப்புப் போராட்டங்களும் தொடங்கின. ஏப்ரல் 10-ஆம் தேதி நீதிமன்றம் ஊர்வலத்துக்குத் தடையாணை பிறப்பித்தது. ஏப்ரல் 12, பெரிய வெள்ளியன்று, கிங் தடையை மீறி நடந்து கைதானார். பெரிய வெள்ளியில் ஒரு பாதிரியார் கைதானால் அந்தப் படம் என்ன பேசும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது.

எட்டு மதகுருக்களும் நிறவெறியர்களா?

இல்லை. கடிதம் இத்தனை கூர்மையாக அமைந்ததற்கு இதுவே காரணம். 1963 ஜனவரியில் ஜார்ஜ் வாலஸ் ஆளுநராகப் பதவியேற்றபோது, இனஒதுக்கல் இன்றும் நாளையும் என்றென்றும் இருக்கும் என்று முழங்கினார். அப்போது நீதிமன்றத் தீர்ப்புகளை மதியுங்கள், வன்முறை வேண்டாம் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டவர்கள் இவர்கள்தான். வெள்ளை இனவெறி வன்முறை அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் பார்வையில் இவர்களே துரோகிகள். எட்டுப் பேரில் எபிஸ்கோபல், கத்தோலிக்க, மெத்தடிஸ்ட் ஆயர்கள் உண்டு. பிரெஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட் போதகர்கள் உண்டு. மில்டன் கிராஃப்மன் என்ற யூத ரபியும் உண்டு.

ஏப்ரல் அறிக்கையில் இவர்கள் கிங்கின் பெயரைச் சொல்லவில்லை. போராட்டம் விவேகமற்றது, காலம் பொருந்தாதது, வெளியாட்கள் நடத்துவது, நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் தீர்க்க வேண்டியதைத் தெருவுக்குக் கொண்டுவருவது என்றார்கள். காவல்துறை அமைதியாக நடந்துகொண்டதாகப் பாராட்டினார்கள். வசைபாடும் எதிரிக்கு யாரும் பதில் சொல்லிவிடலாம். கனிவான குரலில் 'இப்போது வேண்டாமே' என்பவருக்குப் பதில் சொல்வதற்குத்தான் திறமை வேண்டும்.

உண்மையிலேயே சிறையில் எழுதியதா, பிறகு சேர்த்த கதையா?

சிறையில் தொடங்கியது உண்மை. அறிக்கை வந்த செய்தித்தாளின் ஓரங்களில் எழுத ஆரம்பித்து, சிறையில் வேலை செய்த ஒரு கைதி கொடுத்த துண்டுக் காகிதங்களில் தொடர்ந்து, பின்னர் வழக்கறிஞர்கள் விட்டுச்சென்ற தாள்களில் முடித்ததாக கிங்கே குறிப்பிடுகிறார். துண்டுகளை வெளியே கொண்டுவந்தவர்களில் வழக்கறிஞர் கிளாரன்ஸ் ஜோன்ஸ் முக்கியமானவர். கிறுக்கலைப் படித்துச் சொன்னவர் கிங்கின் அமைப்பைச் சேர்ந்த வயட் டீ வாக்கர். தட்டச்சு செய்தவர் வில்லி பேர்ல் மேக்கி. கிங் ஏப்ரல் 20-ஆம் தேதி பிணையில் வெளிவந்தார். வெளியே வந்த பிறகும் திருத்தங்கள் நடந்தன. 1964-இல் அவருடைய நூலில் இடம்பெற்ற வடிவம் முதலில் வெளிவந்ததிலிருந்து ஆங்காங்கே மாறியிருக்கிறது. அதனால் கடிதத்தின் மதிப்பு குறைகிறது என்று நினைப்பவர்கள், நல்ல உரைநடை ஒரே மூச்சில் பிறக்கும் என்று நம்புகிறவர்களாக இருக்க வேண்டும்.

இதன் வாதத் திறமையை ஒரு வரியில் சொல்ல முடியுமா?

எதிர்த்தரப்பு மறுக்க முடியாத சாட்சிகளை மட்டுமே கடிதம் கூண்டில் ஏற்றுகிறது. 'வெளியாள்' என்ற குற்றச்சாட்டைப் பாருங்கள். முதலில் நடைமுறைப் பதில்: நான் தலைமை தாங்கும் அமைப்பின் உள்ளூர்க் கிளை அழைத்தது, வந்தேன். பிறகு தொனி மாறுகிறது: பழைய ஏற்பாட்டின் தீர்க்கதரிசிகள் தங்கள் ஊரை விட்டுப் போய்த்தான் இறைவாக்குச் சொன்னார்கள், பவுல் அப்போஸ்தலர் தார்சுவை விட்டுக் கிரேக்க, ரோமானிய ஊர்களெங்கும் சென்றார். இதைக் கேட்பவர்கள் ஆயர்களும் ரபியும். பவுலை வெளியாள் என்று எந்த ஆயர் சொல்வார்? தீர்க்கதரிசி ஆமோஸை எந்த ரபி கைவிடுவார்? ஓரிடத்து அநீதி எல்லா இடத்து நீதிக்கும் ஆபத்து என்ற புகழ்பெற்ற வரி இந்தப் பகுதியில்தான் வருகிறது. இன்று அதைத் தனியாகப் பிய்த்தெடுத்து எதற்கெல்லாமோ ஒட்டுகிறார்கள். கடிதத்தில் அது 'நீ ஏன் இங்கே வந்தாய்' என்ற கேள்விக்கு நேர்ப்பதில்.

'பொறுத்திருங்கள்' என்பதற்கு அவர் சொன்ன பதில் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அறிக்கையின் வலுவான வாதம் அதுதான் என்பதால். ஏப்ரல் 2-ஆம் தேதி நடந்த மேயர் தேர்தலில் ஆல்பர்ட் பௌட்வெல் கானரைத் தோற்கடித்திருந்தார். புதியவருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கக் கூடாதா என்று வெளியூர்ப் பத்திரிகைகளும் கேட்டன. நியாயமான கேள்வியாகத்தான் தோன்றும். கிங் முதலில் கணக்கு வழக்கைச் சொல்கிறார். 1962 செப்டம்பரில் வணிகர்களோடு பேச்சு நடந்தது, இனப்பாகுபாட்டுப் பலகைகளை அகற்றுவதாக வாக்குக் கொடுத்தார்கள், போராட்டத்தை நிறுத்திவைத்தோம், கழற்றிய சில பலகைகள் திரும்பி வந்தன, மற்றவை கழற்றப்படவே இல்லை. தேர்தலுக்காகவும் போராட்டத்தைத் தள்ளிவைத்தோம். பௌட்வெல் கானரைவிட மென்மையானவர், ஆனால் அவரும் இனஒதுக்கலைக் காப்பவரே.

இதுவரை வழக்கறிஞரின் குரல். அடுத்து வருவது 300 சொற்களைத் தாண்டும் ஒரே வாக்கியம். தாய் தந்தையரைக் கும்பல் அடித்துக் கொல்வதைக் கண்டிருக்கும்போது, போலீஸ்காரர்கள் உங்கள் உடன்பிறந்தோரை ஏசி உதைத்துக் கொல்வதைக் கண்டிருக்கும்போது என்று 'போது' மேல் 'போது' அடுக்கிக்கொண்டே போகிறார். முற்றுப்புள்ளி வராது. நடுவில் கொலைக்காட்சிகளிலிருந்து சட்டென்று ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போகக் கூடாது என்று ஆறு வயது மகள் கேட்கிறாள். கறுப்புக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை என்று சொல்ல வரும் தகப்பனுக்கு நாக்குக் குழறுகிறது. ஊர்விட்டு ஊர் போகும்போது எந்த விடுதியும் இடம் தராததால் இரவுக்கிரவு காருக்குள்ளேயே முடங்கித் தூங்க வேண்டியிருக்கிறது. எத்தனை வயதானாலும் 'பையா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மனைவிக்கும் தாய்க்கும் 'திருமதி' என்ற மரியாதை கிடைப்பதே இல்லை. எல்லாம் அடுக்கி முடித்த பிறகே வினைமுற்று வருகிறது: அப்போதுதான் உங்களுக்குப் புரியும், காத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினம் என்று.

வாசகர் அந்த வாக்கியத்தின் முடிவுக்காகக் காத்திருக்கிறார். சில வினாடிக் காத்திருப்பே மூச்சு முட்டுகிறது. முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறோம் என்று அவர் இதற்குச் சற்று முன்புதான் சொல்லியிருக்கிறார். கருத்தை வாக்கியத்தின் நீளத்தாலேயே வாசகரின் உடம்பில் ஏற்றிவிடுகிறார். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். உரைநடை எழுதப் பழகுபவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டும் வாய்விட்டுப் படித்தாலும் போதும்.

சட்டத்தை மீறிக்கொண்டே சட்டத்தை மதிப்பதாக எப்படிச் சொல்ல முடியும்?

1954-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனஒதுக்கல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குக் கீழ்ப்படியுங்கள் என்று ஊருக்கு உபதேசித்துவிட்டு நீங்களே தடையாணையை மீறலாமா என்ற கேள்வி இயல்பானதுதான். கேள்வி நியாயமானது என்று கிங் முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு நீதியான சட்டம், அநீதியான சட்டம் என்று இரண்டாகப் பிரிக்கிறார். சாட்சிக்கு வருபவர்களைக் கவனியுங்கள்: புனித அகுஸ்தீன், தாமஸ் அக்வினாஸ், யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபர், புராட்டஸ்டன்ட் இறையியலாளர் பால் டில்லிக். எட்டுப் பேரில் எந்த மரபைச் சேர்ந்தவரும் தப்ப முடியாது.

ஆனால் அதற்கு அடுத்து வரும் அளவுகோலே உறுதியானது என்பேன். பெரும்பான்மை தன்னைக் கட்டுப்படுத்தாத ஒன்றைச் சிறுபான்மையின் மேல் மட்டும் சுமத்தினால் அது அநீதி. வாக்குரிமை மறுக்கப்பட்டதால் சட்டத்தை இயற்றுவதில் பங்கே இல்லாதவர்கள் மேல் சுமத்தினாலும் அநீதி. அலபாமாவில் கறுப்பின மக்களே பெரும்பான்மையாக இருந்தும் ஒரே ஒரு கறுப்பின வாக்காளர்கூடப் பதிவு செய்யப்படாத மாவட்டங்கள் இருந்ததைச் சுட்டுகிறார். இதைப் புரிந்துகொள்ள அக்வினாஸைப் படித்திருக்க வேண்டியதில்லை, கடவுளை நம்பவும் வேண்டியதில்லை. மீறுபவர் ஒளிந்து மீறக் கூடாது. வெளிப்படையாக, அன்போடு, தண்டனையை ஏற்கும் மனத்தோடு மீற வேண்டும் என்கிறார். சிறைக்குள்ளிருந்து இதை எழுதும்போது வேறு சான்று தேவைப்படவில்லை.

நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றதா?

இல்லை. தடையாணை தவறானது என்றால் முதலில் நீதிமன்றத்தில் எதிர்த்திருக்க வேண்டும், மீறியிருக்கக் கூடாது என்று 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கிங் அந்த ஆண்டே மறுபடி பர்மிங்காமில் சிறை சென்றார். 1969-இல், ஷட்டில்ஸ்வொர்த்தின் தனி வழக்கில், அதே ஊர்வல அனுமதிச் சட்டத்தின் கீழ் விதித்த தண்டனையை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. கிங் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

காந்தி ஏன் கடிதத்தில் இல்லை?

இந்திய வாசகர்கள் தவறாமல் கேட்பது. 1959-இல் இந்தியாவுக்கு வந்தவர் அவர். மற்ற நாடுகளுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போகலாம், இந்தியாவுக்கு யாத்திரிகனாக வருகிறேன் என்று சொன்னவர். கடிதத்தில் அறப்போரின் நான்கு படிகளாக அவர் வரிசைப்படுத்தும் உண்மை திரட்டல், பேச்சுவார்த்தை, தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளல், நேரடி நடவடிக்கை ஆகியவற்றில் காந்தியின் தடம் அப்படியே தெரிகிறது. ஆனாலும் பெயர் இல்லை. சட்டமறுப்பைப் பற்றி எழுதிய அமெரிக்கர் தோரோவின் பெயரும் இல்லை.

மறதியாக இருக்க முடியாது. சட்டமறுப்புக்கு அவர் காட்டும் முன்னோடிகள் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் ஆணைக்குப் பணியாத சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ, சிங்கங்களுக்கு இரையான ஆதிக் கிறிஸ்தவர்கள், சாக்ரடீஸ், தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய பாஸ்டன்காரர்கள். காந்தியைக் கூப்பிட்டிருந்தால் அலபாமா ஆயர் ஒருவர் 'அது வேறு நாடு, வேறு மதம்' என்று தோளைக் குலுக்கியிருக்கலாம். தன் குருவின் பெயரைத் தவிர்த்துவிட்டு எதிராளியின் குருக்களை அழைத்தார். நன்றி சொல்வதற்கு அவருக்கு வேறு மேடைகள் இருந்தன, அவற்றில் தாராளமாகச் சொல்லியும் இருக்கிறார்.

கடிதத்தில் மிகக் கடுமையாகத் தாக்கப்படுவது யார்?

கு கிளக்ஸ் கிளான் அல்ல, மிதவாத வெள்ளையர். நீதியைவிட ஒழுங்கை அதிகம் விரும்புபவர், 'உங்கள் நோக்கம் சரி, வழிதான் சரியில்லை' என்பவர், இன்னொருவரின் விடுதலைக்கு நாள் குறிக்கத் தனக்கு உரிமை இருப்பதாக நினைப்பவர். கெட்டவர்களின் முழுமையான தவறான புரிதலைவிட, நல்லவர்களின் மேலோட்டமான புரிதலே அதிகம் சோர்வூட்டுகிறது என்கிறார். கிறிஸ்தவச் சகோதரர்களே, யூதச் சகோதரர்களே, உங்களிடம் இரண்டு விஷயங்களை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பாவமன்னிப்புக் கேட்கும் பாணியில் தொடங்கி, எதிரில் இருப்பவர்களின் பாவத்தைப் படித்துக் காட்டுகிறார். பாவமன்னிப்பு கேட்டுப் பழகியவர்களுக்கு இது எங்கே சுட்டிருக்கும் என்று ஊகிக்கலாம்.

'தீவிரவாதி' என்ற பட்டத்தை மறுத்தாரா?

முதலில் மறுக்கிறார். கறுப்பின மக்களிடையே ஒரு பக்கம் சுயமரியாதை வடிந்து ஒடுங்கிப்போனவர்கள், இன்னொரு பக்கம் வெறுப்பையே கொள்கையாக்கும் எலிஜா முகம்மதுவின் கறுப்பு முஸ்லிம் இயக்கம், நடுவில் நான் என்கிறார். எங்களைத் தள்ளிவிட்டால் லட்சக்கணக்கானோர் அந்தப் பக்கம் போவார்கள் என்ற எச்சரிக்கையும் உள்ளே இருக்கிறது. மென்மையான மிரட்டல் என்று அதைச் சொன்னால் தவறில்லை.

பிறகு யோசித்துப் பார்த்து அந்தப் பட்டத்தில் திருப்தியடைகிறார். அன்பில் இயேசு தீவிரவாதி இல்லையா? நீதியில் ஆமோஸ்? மார்ட்டின் லூதர், ஜான் பன்யன், லிங்கன், ஜெபர்சன் என்று பட்டியல் நீள்கிறது. லூதர் என்பது தன் பெயரிலேயே இருப்பதை அவர் சுட்டிக்காட்டவில்லை.

காவல்துறையைப் பாராட்டியதற்கு என்ன சொன்னார்?

கிட்டத்தட்டக் கடைசியில், போகிறபோக்கில் சொல்வதுபோல எடுக்கிறார். ஆயுதமற்றவர்கள் மேல் நாய்கள் பல் பதித்ததையும், சிறையில் நடப்பதையும் பார்த்திருந்தால் இவ்வளவு மனமுவந்து பாராட்டியிருப்பீர்களா என்கிறார். சேர்ந்து பாடி இறைவனுக்கு நன்றி சொல்ல விரும்பியதற்காகச் சாப்பாடே தராமல் விட்ட சம்பவத்தையும் சொல்கிறார். தெருவில் கண்ணியமாக நடந்துகொண்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அது இனஒதுக்கலைக் காப்பாற்றத்தானே என்பது அடுத்த அடி.

நீங்கள் இவர்களைப் பாராட்டியிருக்கலாமே என்று தன் பட்டியலை அங்கே வைக்கிறார். அதில் இனஒதுக்கலை எதிர்த்து நடந்த மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பில் நடந்தே போன 72 வயது மூதாட்டி ஒருவர். களைப்பாக இருக்கிறதா என்று கேட்டவரிடம், கால் ஓய்ந்துவிட்டது, ஆன்மா இளைப்பாறுகிறது என்று சொன்னார். இலக்கணம் பிசகிய அவருடைய ஆங்கிலத்தைக் கிங் திருத்தாமல் அப்படியே தருகிறார். அகுஸ்தீன் பேசிய அதே மேடையில் அவரும் பேசுகிறார்.

இவ்வளவு மரியாதையான நடை நடிப்பா?

தந்திரம் இல்லை என்று சொல்ல மாட்டேன், பொய் என்றும் சொல்ல மாட்டேன். முடிவில் அவர் கேட்கும் மன்னிப்பைப் பாருங்கள். உண்மையை மிகைப்படுத்தி நியாயமற்ற பொறுமையின்மையைக் காட்டியிருந்தால் நீங்கள் என்னை மன்னியுங்கள். உண்மையைக் குறைத்துச் சொல்லி, சகோதரத்துவத்துக்குக் குறைந்த எதிலும் திருப்தியடையும் பொறுமையைக் காட்டியிருந்தால் கடவுள் என்னை மன்னிக்கட்டும். பொறுமை வேண்டும் என்று கேட்டவர்களிடம், அந்தப் பொறுமைக்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறார். இதற்கு மேல் கடுமையான வசையை நான் படித்ததில்லை, ஒரு கெட்ட சொல் கிடையாது.

எட்டுப் பேரும் என்ன பதில் எழுதினார்கள்?

அவர்களுக்கு அந்தக் கடிதம் தனியாக அனுப்பப்படவே இல்லை. ஊரோடு சேர்ந்து அச்சில்தான் படித்தார்கள். ரபி கிராஃப்மனுக்கு இது கடைசிவரை மனக்குறை. வெள்ளை இனவாதிகளும் திட்ட, உலகமும் திட்ட, நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். ஏர்ல் ஸ்டாலிங்ஸ் தன் பாப்டிஸ்ட் ஆலயத்தில் கறுப்பின மக்களை வழிபாட்டுக்கு அனுமதித்ததைக் கடிதம் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது. கத்தோலிக்க ஆயர் ஜோசப் டியூரிக் பின்னாளில் டென்னசியில் கறுப்பின மக்களின் குடிமை உரிமைக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். எட்டுப் பேரை ஒரே அச்சில் வார்த்த வில்லன்களாக்கும் பாடப்புத்தகப் பழக்கம் அவர்களுக்கும் நியாயமில்லை, கிங்கின் சாமர்த்தியத்துக்கும் நியாயமில்லை.

கடிதத்தால்தான் பர்மிங்காம் மாறியதா?

இல்லை. அது எழுதப்பட்ட வாரத்தில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மே 2-ஆம் தேதி பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் புறப்பட்டுக் கைதானார்கள். மறுநாள் கானர் தண்ணீர்க் குழாய்களையும் நாய்களையும் ஏவினார். படங்கள் உலகெங்கும் போயின. மே 10-ஆம் தேதி உடன்பாடு அறிவிக்கப்பட்டது. அதன் பிறகுதான் கடிதம் பரவியது: குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் அமைப்பு ஒன்று மே மாதம் சிறு வெளியீடாகக் கொண்டுவந்தது, ஜூனில் இதழ்கள் சிலவற்றில் வந்தது, ஆகஸ்டில் 'அட்லாண்டிக்' இதழில் வந்தது. படத்தைப் பார்த்து அதிர்ந்தவர்களுக்கு அதன் காரணத்தைக் கடிதம் விளக்கியது. செப்டம்பர் 15-ஆம் தேதி அதே தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அவர்களைக் கொன்றவர்கள் எந்த மடலையும் படித்து மனம் மாறுகிற ரகம் அல்ல. இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டம் 1964 ஜூலை 2-இல் கையெழுத்தானது.

எனக்கொரு கனவு உண்டு என்ற பேச்சுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இடைவெளி நான்கு மாதம்தான். அந்தப் பேச்சு 1963 ஆகஸ்ட் 28-இல் வாஷிங்டனில் நிகழ்ந்தது. பேச்சு காதுக்கானது, ஏற்கெனவே உடன்பட்டுக் கூடியிருந்த பெருங்கூட்டத்தை உயர்த்துவது. கடிதம் உடன்படாதவரிடம் ஒவ்வொரு மறுப்பையும் எடுத்துவைத்துப் பேசுவது. பேச்சிலிருந்து கனவை மட்டும் எடுத்துக்கொண்டு கிங்கைச் சாதுவாக்குவது எளிது. கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிங்கைத் தெரிந்துகொள்ள ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் கடிதத்தைப் படியுங்கள்.

எப்படிப் படிக்கத் தொடங்குவது?

எட்டு மதகுருக்களின் அறிக்கையை முதலில். சிறியது, இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அதை எதிரியின் ஆவணமாக நினைக்காமல், உங்களுக்குத் தெரிந்த மரியாதைக்குரிய பெரியவர்கள் எழுதியதாக நினைத்துப் படியுங்கள். பல வரிகளுக்கு நீங்களே தலையாட்டுவீர்கள். அதன் பிறகு கடிதத்தை எடுங்கள்.